மாடியேறிய பூசணி

சின்னவள் ஜெயித்தவை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்துப் பிரம்பை ஜெயித்தாள். அதற்கு அவளுக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் குடிபுகுந்த சலவைக்கூடத்து நீராவியை ஜெயித்தாள். உடைந்த ஓடும் துருப்பிடித்த தகரமும் குவிந்து கிடந்த வீட்டுப் பின்பக்கத்தை ஜெயித்தாள். நத்தைகளை, ஆலங்கட்டி மழையை, அங்கே வந்து நிற்கவிருந்த ஒரு காரை, பக்கத்து வீட்டு ரொட்டிக்காரரின் உதவியை ஜெயித்தாள். உதவியை எதற்கு ஜெயிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அப்படியொரு பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி பார்த்தவள் அவளுடைய அக்கா. தெருவில் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவள் எட்டாவது வரை படித்தவள். தைத்த கோடு ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைப்பாள். வாடிக்கையாளர் பரவாயில்லை என்று சொன்னாலும் பிரிப்பாள். சின்னவளுக்கோ பள்ளிக்கூடம் ஒரு வாரம்தான். அவள் இடது கைக்காரி. பலப்பத்தை இடது கையில் எடுத்தாள் என்று டீச்சர் விரல் கணுவில் அடித்து வலது கைக்கு மாற்றினார். வலது கை ஒரு கோட்டைக்கூட இழுக்க மாட்டேன் என்று நடுங்கியது. அதற்கும் அடி. ஒரு நாள் பையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். பையை எடுக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை.

பிறகு ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பாள். அந்த மை போக விரலைத் தேய்ப்பதை அக்கா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மூச்சிரைப்பு வந்தபோது டாக்டர், "நீராவி பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சின்னவள் அக்காவின் முன்னறையில் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டன் தீர்ந்தால் சுவரைப் பார்ப்பாள்.

"அந்தச் சுவத்துல என்னடி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அதான் பாக்குறேன்."

பெரியவளுக்கு அந்தப் பதில்தான் பயம். மூச்சிரைப்புக்கு மருந்து இருக்கிறது.

குளிர் விட ஆரம்பித்த ஒரு காலையில், மிஷின் துடைத்த துணியை உதறச் சின்னவள் பின்கதவைத் திறந்தாள். போனவள் வரவில்லை. பெரியவள் எழுந்து போய்ப் பார்த்தால், தகரக் குவியலுக்கு நடுவே அவள் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது செத்த குச்சி இல்ல. உள்ள பச்சையா இருக்கு பாரு."

அது ஒரு ரோஜாச் செடி. எந்தக் காலத்தில் யார் வைத்ததோ. தகரத்துக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

பின்பக்கத்திலிருந்து இரும்புக் கைப்பிடி வைத்த படிக்கட்டு ஒன்று மேலே போகும். மேலே வீட்டுக்காரம்மா. முழங்கால் வலியால் கீழே இறங்கி மாதங்கள் ஆகியிருந்தன. வாசற்படிக்கு உட்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தையும் துணி காயும் கயிற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோடும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத சின்னவள் அன்று தானாகவே படியேறிப் போனாள். பெரியவள் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, பின்பக்கத்தைச் சுத்தம் பண்ணி நாலு செடி வெக்கட்டுமா?"

"செடியா? அங்க என் பையன் கார் நிறுத்தறதுக்கு சிமெண்ட் போடப்போறான். மே மாசக் கடைசியில ஆளோட வர்றான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வெச்சுக்கோ. அவன் வர்றப்போ பழைய குப்பை போய்ப் புதுக் குப்பை இருந்துச்சுன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஆமா."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"கதவைச் சாத்திட்டுப் போ. காத்து வருது."

சின்னவள் இறங்கி வந்தபோது அவள் முகத்தில் ஏதோ ஏறியிருந்தது. "நல்லா இருந்தா வேண்டாம்னு அவங்க சொல்லலையேக்கா" என்றாள். அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வாரங்களில் அவள் செய்தவை எல்லாம் தோட்டம் வைத்த எவரும் வசந்தத்தில் செய்கிற வேலைகள்தான். ஆனால் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். தகரத்தையும் ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தாள். மூச்சு இரைத்தால் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, இரைப்பு அடங்கியதும் எழுந்தாள். மக்கிய இலைகளை மூலையில் குவித்துக் காய்கறித் தோலும் முட்டை ஓடும் போட்டு மூடினாள். மண்முள்ளால் மண்ணைக் குத்திப் புரட்டிக் கட்டிகளை உடைத்தாள். சலவைக்கூடத்தில் நனைந்த படுக்கை விரிப்பை உதறிய தோள்கள், மண்ணுக்கு அசரவில்லை. ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டியபோது மேலிருந்து சத்தம் வந்தது.

"அடிப்பாவி, கொன்னுட்டியே!"

"மொட்டை போட்டா முடி நல்லா வளரும்மா!"

"வளராட்டி உன் தலையைப் போடுறேன் மொட்டை!"

பத்துப் பதினைந்து நாளில் வெட்டிய இடத்துக்குக் கீழே செக்கச்செவேலென்று துளிர் விட்டது. மாடிக்காரம்மாவின் நாற்காலி வாசற்படிக்கு வெளியே ஓரடி நகர்ந்திருந்ததைப் பெரியவள் கவனித்தாள்.

விதைகள் சமையலறையிலிருந்தே வந்தன. நறுக்கிய பூசணியிலிருந்து, பழுத்துப்போன வெள்ளரியிலிருந்து, தக்காளியிலிருந்து. பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் நசுங்கிய ரொட்டி அச்சுத் தகரங்களை ஓட்டை போட்டுக் கொடுத்தார். அவற்றில் விதை ஊன்றி சமையலறை ஜன்னலில் வைத்து, முளைத்த பிறகு பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கினாள். எது எது என்று தெரிய, அக்காவின் வெட்டுத் துணியில் அடையாளம் கட்டினாள். தக்காளிக்குச் சிவப்பு, பூசணிக்கு மஞ்சள், வெள்ளரிக்குப் பச்சை. படிக்கத் தெரியாதவளுக்கு அது போதும்.

போதாமல் போனது ஏப்ரலில். ஈரத்தில் துணிகள் மக்கி அறுந்தன. அந்த மாதம் பெரியவளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் மாதம். முன்னறை முழுக்க ஒரே நீலம். வெட்டுத் துணி என்று கேட்டால் நீலம்தான் கிடைக்கும். எல்லாத் தகரத்துக்கும் நீலத்தையே கட்டினாள்.

"எல்லாம் ஒரே நிறமா இருக்கேடி?"

"வரிசை எனக்குத் தெரியும்க்கா. படிக்கட்டுப் பக்கம் வெள்ளரி, நடுவுல தக்காளி, கடைசியில பூசணி. கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

அக்கா தங்கை இருவரும் துணி கொடுக்கப் போயிருந்த ஒரு மதியம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ரொட்டிக்காரர் குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்து, தகரங்களை எல்லாம் தன் கூரைக்கு அடியில் அடுக்கிக் காப்பாற்றினார். மழை விட்டதும் மறுபடி கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஓர் இலைகூடக் கிழியவில்லை. சின்னவள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மறுநாளே மேகமூட்டமான மாலை பார்த்து நாற்றுகளை நட்டாள். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளில் துணி விளிம்பைக் கிழித்த நாடா கட்டி, கொடியேற வசதியாக வெள்ளரிகளை அங்கே நட்டாள். நடுவில் தக்காளி. இலைமக்குக் குவியலின் மேல், தரையில் படர்ந்து ஓட இடம்விட்டு, பூசணி. விடிந்ததும் எழுந்து நத்தைகளைப் பொறுக்கினாள். செடியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவினாள்.

வெள்ளரி பிரமாதமாக வளர்ந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே வளர்ந்தது. இலை விசிறி அளவு ஆனது. தண்டில் முள் போல ரோமம். ஒரு காலையில் உள்ளங்கையை நிறைக்கிற மஞ்சள் பூ ஒன்று கைப்பிடிக்குமேல் விரிந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, வெள்ளரிப் பூவா, குடையா?"

சின்னவள் குவியல் பக்கம் போனாள். அங்கே 'பூசணி'யில் சட்டைப் பட்டன் அளவுக்குச் சின்னப் பூ. மெல்ல நிமிர்ந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு மழையில தகரத்தை எப்படி எடுத்து வெச்சீங்க?"

"எப்படின்னா? அடுப்புத் தட்டு எடுக்குற மாதிரிதான். கடைசியா உள்ள போனது முதல்ல வெளிய வரும். வந்ததை இந்தப் பக்கத்துல இருந்து..." அவர் பிரஷ் வாயிலேயே நின்றது. வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார். நடுவிலிருந்த தக்காளி மட்டும் நடுவிலேயே இருந்துகொண்டு எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. "அது... மண்ணு சத்தான மண்ணும்மா. அதான் வெள்ளரி இவ்வளவு பெருசா..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வெள்ளரிக்காய்க்குள்ள மறைக்கப் பாக்குறீங்களே அண்ணே!"

ரொட்டிக்காரர் சிரித்தார். சின்னவள் சிரித்துவிட்டு உள்ளே வந்து, மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "கொடி இனி இடம் மாறாது. பிடுங்கினா செத்துடும். விட்டா படியை அடைச்சுக்கும். மாடிக்காரம்மா அதையே சாக்கா வெச்சு எல்லாத்தையும் எடுக்கச் சொல்வாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு நீலத் துணி ஒன்றை நீட்டினாள். "அக்கா, இதுல பூசணிக்கு ஒரு எழுத்து போட்டுக் குடு. ஒண்ணே ஒண்ணு. இனிமே எந்த மழை வந்தாலும் எது எதுன்னு அதுவே சொல்லணும்."

பெரியவள் துணிக்குக் குறிபோடும் சாக்கட்டியால் 'பூ' என்று எழுதினாள். சின்னவள் ஊசியில் மஞ்சள் நூல் கோத்து அதன்மேல் தைத்தாள். இடது கையால். ஊசி எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று அவளை யாரும் அடித்ததில்லை. எழுத்து நடுங்காமல் வந்தது. பெரியவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரிக்க ஒன்றுமில்லை.

மறுநாள் தக்காளிக்குக் கேட்டாள். அடுத்து வெள்ளரிக்கு. அப்புறம் புதிதாக ஊன்றிய மிளகாய்க்கு, ரோஜாவுக்கு. முதல் எழுத்து மட்டும் தனியாக நிற்பது பாவமாக இருக்கிறது என்று மீதி எழுத்துகளையும் கேட்டாள். ஒரு நாள், "நத்தைக்கு எப்படிக்கா?" என்றாள்.

"நத்தைக்கு எதுக்குடி போர்டு?"

"'நத்தை வரக்கூடாது'ன்னு எழுதி வெக்கத்தான்."

"அதுக்கு நத்தை படிச்சிருக்கணுமே."

"நானே படிக்கிறேன், அது படிக்காதா?"

பின்பு ஒரு நாள் பெரியவள் பின்பக்கம் போனபோது மண்முள்ளின் பிடியில் நீலத் துணி ஒன்று கட்டியிருந்தது. அதில் சின்னவளின் பெயர், முழுதாக, மஞ்சள் நூலில். கேட்டதற்கு, "ரொட்டிக்கார அண்ணன் வாங்கிட்டுப் போனா திருப்பித் தர்றதே இல்லை. இனிமே யாரோடதுன்னு தெரியும்" என்றாள். செடிப் பெயர்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி அவளே சேர்த்துத் தைத்திருக்கிறாள். பெரியவள் உள்ளே வந்து, அன்று ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

கொடியோ யாருக்கும் காத்திருக்கவில்லை. கைப்பிடிக் கம்பி கம்பியாகப் பிடித்து ஏறி மேல்படியைத் தொட்டது. ஒரு காலை மேலிருந்து அலறல்.

"ஏய், உன் செடி என் துணிக்கயித்துல கை போட்டிருக்கு! வந்து வெட்டு!"

சின்னவள் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறினாள். கால்கள் தயங்கித் தயங்கி ஏறின. பெரியவள் கீழே நின்றாள். நுனியில் ஒரு மொட்டு, அன்றோ மறுநாளோ விரியும் பதத்தில். மாடிக்காரம்மா நாற்காலியிலிருந்து எட்டி அதைப் பார்த்தார்.

"சரி, அது விரியட்டும். நாளைக்கு வெட்டு."

மறுநாள் அது விரிந்தது, பக்கத்தில் இன்னொன்று. "இதுவும் விரியட்டும்." அதற்கடுத்த நாள் அடியில் கோலிகுண்டு அளவுக்குப் பச்சைப் பிஞ்சோடு ஒரு பெண் பூ. சின்னவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தொட்டாள்.

"என்ன பண்றே?"

"இங்க தேனீ அதிகம் ஏறி வராதும்மா. நாமதான் முடிச்சு வெக்கணும்."

"ஓ, கல்யாணத் தரகு! எங்கிட்ட குடு. நான் எத்தனை பேருக்கு முடிச்சு வெச்சிருக்கேன் தெரியுமா?"

அதிலிருந்து காலையில் பூ விரிந்ததும் மாடிக்காரம்மாவே அந்த வேலையைப் பார்த்தார். சின்னவள் தினமும் ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்காருவாள். கத்தியை எடுத்துப் போவதை நிறுத்திவிட்டாள். பிஞ்சு திரண்டு கனத்தபோது அது தொங்கி அறுந்துவிடாமல், பழைய தலையணை உறையைத் தொட்டிலாக்கிக் கயிற்றில் கட்டியதும் மாடிக்காரம்மாதான். ஆனால் சிமெண்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. மே மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

மாதக் கடைசி ஞாயிறன்று மகன் வந்தார், அளவெடுக்கும் மேஸ்திரியோடு. பின்பக்கத்துக்கு வந்து திகைத்து நின்றார். ரோஜா பூத்திருந்தது. தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. இலைமக்குக் குவியலின் மேல் வெள்ளரி தரையெல்லாம் உருண்டது. நீலத் துணிகளில் மஞ்சள் எழுத்துகள் ஆடின. மேஸ்திரி டேப்பை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே சுருட்டினார். சின்னவள் சுவரோரம், முன்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்த அதே தினுசில் நின்றாள்.

"அழகாத்தான் இருக்கு" என்று மகன் மேலே பார்த்துச் சொன்னார். "ஆனா கார் வேணுமேம்மா. இந்தப் பூசணிக்காய்க்காக நான் தெருவுல நிறுத்தறதா?"

மாடிக்காரம்மா தொட்டிலில் கிடந்த காயின்மேல் கையை வைத்தார்.

"உனக்கு ரெண்டு கால் இருக்கு, நாலு சக்கரம் இருக்கு. வருஷத்துல ஒரு தடவை வர்றே. இதுக்குக் காலே கிடையாது. என்னைப் பாக்க மாடி ஏறி வந்துச்சு. இதோட வேர்மேல சிமெண்ட் போடுவியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரர், "அது ஏறுனதுக்குக் காரணம் நான்தான்" என்று முணுமுணுத்தார்.

மகன் கொடி ஏறிய படிக்கட்டைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் தோளில் தட்டி, "நீங்க கிளம்புங்க" என்றார். சின்னவளிடம், "நீங்க இந்த வீட்டுல இருக்குற வரைக்கும் இந்த இடம் உங்க தோட்டம். ஆனா எழுதி வெச்சுடலாம். இன்னிக்கு அம்மா அதட்டினதால சொல்றேன். நாளைக்கு மனசு மாறிடுவேன், என்னை எனக்குத் தெரியும்" என்றார்.

மேல்படியிலேயே உட்கார்ந்து நாலு வரி எழுதினார். அம்மாவிடம் வாங்கிய மை அட்டையைத் திறந்து சின்னவளின் பக்கம் நகர்த்தினார். அவள் கட்டைவிரல்காரி என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

சின்னவள் மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தாள். மை அட்டையை மூடினாள்.

"பேனா குடுங்க."

பழக்கத்தில் வலது கைதான் முன்னால் போனது. பேனாவைப் பிடித்ததும் நடுங்கியது. யாரோ அதட்டப்போவது போல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பெரியவள் தன் இடது கையைத் தூக்கி, ஊசி பிடிப்பது போல விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். சின்னவள் பேனாவைக் கை மாற்றினாள். ஒவ்வோர் எழுத்தையும் தையல் போடுவது போலக் குத்தி, இழுத்து, குத்தி, இழுத்து எழுதினாள்.

கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. பெரியவளின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் பிரித்துத் தைக்க வேண்டும் என்று ஆயுளில் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றவில்லை.

மகன் பேனாவை வாங்கப் போனார். "தேதியையும் நானே போடுறேன்" என்றாள் சின்னவள். எண்கள் அவளுக்கு எப்போதுமே தெரியும். மாதத்தின் பெயரை மட்டும் அக்காவைக் கேட்டு, சிரமப்பட்டு எழுதினாள்:

31 மே 2015.